இணைச்சீர் இல்லாத கல்யாணம்

அத்தியாயம் ஒன்பது

பல்லடத்தில் பஸ் மாறி ஏறியதிலிருந்து சித்ராதேவி செல்போனைப் பைக்குள் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள். இன்னொரு முறை பார்த்தால் படத்தில் இருக்கிற முகம் மாறிவிடும் என்று ஒரு நப்பாசை. மாறவில்லை.

கோயில் வாசலில் மாலையும் கழுத்துமாக ஒரு பெண். பக்கத்தில் பட்டு வேட்டி கட்டிய ஒருவன். அவனைச் சித்ராதேவி பார்த்ததில்லை. பெண்ணைத் தெரியும். பல் தெரியாமல், வாயை இறுக்கி மூடிக்கொண்டு சிரிக்கிற அந்தச் சிரிப்பை நன்றாகத் தெரியும். போன முகூர்த்தத்திலிருந்து அந்தச் சிரிப்பு அவளுடைய தம்பி சிவராஜின் வீட்டில் இருக்கிறது. நாகஜோதி என்ற பெயரில்.

வீரபாண்டி பனியன் கம்பெனியில், செக்கிங் டேபிளில் அவளுக்கு எதிரே நிற்கிற பிரிசில்லா நேற்று டீ நேரத்தில் காட்டி, கேட்டதும் அனுப்பிக் கொடுத்த படம் அது. காட்டியது பெண்ணுக்காக அல்ல, ஜாக்கெட்டுக்காக.

"இந்தக் கை மாடல் எனக்கு நல்லா இருக்குமான்னு பாருங்க அக்கா. குண்டடத்துல எங்க பக்கத்து ஊட்டு அய்யாசாமி மாமா பையன் கல்யாணத்துல எடுத்தது. போன வருசம்."

"பொண்ணு பேரென்ன கண்ணு?"

"கோகிலாங்க. அம்மா ஊட்டுக்கு விருந்துக்குப் போச்சுங்க. போனது போனதுதான், இன்னும் வரக்காணோம்."

சித்ராதேவியின் கையிலிருந்த டீ அப்படியே ஆறிப்போனது.

சிவராஜுக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. வேறொரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். பொங்கலூர் பக்கத்தில் தோட்டம், சொந்த வீடு, கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது. ஆனாலும் பெண் கிடைக்கவில்லை. கேட்ட இடத்திலெல்லாம் படித்த மாப்பிள்ளை வேண்டும், டவுனில் வீடு வேண்டும் என்றார்கள். அந்த நேரத்தில்தான் புரோக்கர் தங்கராஜ் வந்தான். தேனிப் பக்கத்துப் பெண், அப்பா இல்லை, இல்லாதப்பட்ட குடும்பம் என்றான். "உங்க ஆளுக கெடையாதுங்க. ஆனா புள்ள தங்கமுங்க" என்றான்.

எந்தக் கூட்டம், எந்தக் குலசாமி என்று கேட்காமல் அந்தப் பக்கத்தில் யாரும் கல்யாணச் சாப்பாட்டில் கை வைக்க மாட்டார்கள். அதற்கும் தங்கராஜே வழி சொன்னான். யாராவது கேட்டால் கரூர்ப் பக்கம் என்றும் இன்ன கூட்டம் என்றும் சொல்லிக்கொள்ளலாம். பொய்யை அவனே அளவெடுத்துத் தைத்துக் கொடுத்தான். இவர்கள் போட்டுக்கொண்டார்கள்.

ஒரு மலைக்கோயிலில் விடியும் முன்பே தாலி கட்டி முடித்தார்கள். சீர் செய்து வைக்கிற அருமைக்காரரைக் கூப்பிடவில்லை. வந்தால் அவர் முதலில் கூட்டத்தைத்தான் கேட்பார். அதனால் இணைச்சீரும் இல்லாமல் போயிற்று. மாப்பிள்ளையுடன் பிறந்தவள் பேழைக்கூடையைத் தலையில் சுமந்து வந்து அவன் பக்கத்தில் நிற்கிற சீர் அது. அக்கா என்று ஒருத்தி இருப்பதற்கு அந்த ஒரு சீர்தான் அடையாளம். அதற்கென்று எடுத்த பட்டுச்சேலையைச் சித்ராதேவி மடிப்புக் கலையாமல் பீரோவில் வைத்துவிட்டு வந்திருந்தாள். அதோடு விட்டிருக்கலாம். கோயில் படியிலேயே நின்று, நாலு பேர் பார்க்க அம்மாவிடம் சண்டை போட்டாள்.

அன்றைக்குச் சண்டை போட்ட வாயால் இன்றைக்கு இதைச் சொன்னால் யார் நம்புவார்கள்?

நம்ப வைக்க இந்தக் காலை மட்டும்தான் இருந்தது. இன்று மதியம் தங்கராஜ் காரோடு வருகிறான். தாய் வீட்டு விருந்து. பெண் மட்டும் முதலில் போக வேண்டுமாம். மாப்பிள்ளை நாலு நாள் கழித்து வர வேண்டுமாம். இருக்கிற நகையெல்லாம் போட்டுக்கொண்டு போனால்தான் மரியாதையாம். அது அவர்கள் பக்கத்து வழக்கமாம்.

நேற்று வேலை முடிந்து கிளம்பும்போது, தேனிக்காரத் தையல்காரி ஒருத்தியிடம் சித்ராதேவி இதைக் கேட்டாள். அவள் நூலைப் பல்லால் கடித்தபடியே சொன்னாள்:

"புருசன் இல்லாம மறுவீட்டுக்கு அனுப்புறாகளா? எந்த ஊர்லக்கா? எங்க பக்கம் கெடையவே கெடையாது."

* * *

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மல்லிகை வாசம் வந்தது.

உள்ளே மாரக்காள் மருமகளைப் பாயில் உட்கார வைத்துத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். மூன்று கால் எடுத்து, ஒவ்வொரு காலையும் தேங்காயெண்ணெய் தொட்டு நீவி, அவசரமே இல்லாமல் பின்னினாள். சின்ன வயதில் சித்ராதேவிக்குத் தலை பின்னும்போது தோட்டத்து வேலை அவளைத் துரத்திக்கொண்டே இருக்கும். இப்போது யாரும் துரத்தவில்லை.

"வா கண்ணு. சொல்லாமக் கொள்ளாம வந்துருக்கற. மாப்ள வரலியா?"

"இல்லம்மா. சும்மாதான்."

"வாங்க மதினி" என்ற நாகஜோதி உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். "வாங்க நங்கை."

மாரக்காள் சிரித்தாள். "நானும் சொல்லிச் சொல்லிப் பாக்கறேன், மதினியத்தான் புடிச்சுட்டுத் தொங்கறா. ஊருக்குள்ள எவளாச்சும் கேட்டா, கரூர்ல எப்ப இருந்து மதினின்னு கேப்பா."

பாய் ஓரத்தில் தாம்பாளத்தில் நகைகள் இருந்தன. மாரக்காளின் பழைய ஆரம். சித்ராதேவியின் கல்யாணத்துக்குக்கூட வெளியே வராத வளையல் ஜோடி. சிவராஜ் வருஷக்கணக்கில் சீட்டுப் போட்டு வாங்கிய சங்கிலி. காது ஜிமிக்கியை நாகஜோதி ஏற்கெனவே போட்டிருந்தாள். அவள் தலையை அசைத்தபோது அது ஆடியது. அவள் எதையும் ஆசையோடு பார்க்கவில்லை என்பதைச் சித்ராதேவி கவனித்தாள். தாம்பாளத்தின் பக்கமே அவள் கண் போகவில்லை.

"அம்மா, ஒரு நிமிசம் தண்ணித்தொட்டிக்கு வா."

தொட்டி ஓரத்தில் வெயில் சுள்ளென்று அடித்தது. சித்ராதேவி படத்தை எடுத்துக் காட்டினாள். விஷயத்தையும் சொன்னாள். முன்னும் பின்னுமாகத்தான் சொல்ல வந்தது.

"வெயில்ல ஒண்ணுந் தெரியல" என்றாள் மாரக்காள்.

முந்தானையைத் தூக்கி நிழல் பிடித்தாள் சித்ராதேவி. அந்த நிழலுக்குள் மாரக்காள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த மொகத்துல ஊருக்குப் பத்துப்பேரு இருப்பாங்க."

"சிரிப்பப் பாரும்மா."

"சிரிப்புல என்ன கெடக்குது? எல்லாரும் வாயிலதான் சிரிக்கறாங்க."

"ஆதார் கார்டாவது பாத்தீங்களா? பொண்ணுப் பாக்கப் போனப்ப அக்கம்பக்கத்துல ஒரு ஆளுகிட்டயாவது விசாரிச்சீங்களா?"

"தங்கராஜு கூடவே நிக்கையில எப்புடி விசாரிக்கறது? மூஞ்சீல அடிச்ச மாரி இருக்காதா? அவன் என்ன நெனப்பான்?"

அம்மா அப்படித்தான். மளிகைக் கடைக்காரன் எடை குறைத்துப் போட்டாலும் அவன் மனசு நோகுமே என்று வாங்கிக்கொண்டு வருகிறவள்.

மாரக்காள் போனை மகள் கையில் திருப்பி வைத்தாள். குரல் மாறியிருந்தது.

"நீ இணைச்சீர மனசுல வெச்சுக்கிட்டுத்தான் இதயத் தேடிப் புடிச்சுட்டு வந்துருக்கற."

"அம்மா."

"உன்ர தம்பி இப்பத்தான் ஊட்டுல உக்காந்து வயித்துக்குச் சோறு உங்கறான். அதயக் கெடுத்துப்போடாத சாமி. உன்னக் கையெடுத்துக் கும்புடறேன்."

கும்பிடவும் செய்தாள். கையில் எண்ணெய்ப் பிசுக்கு மினுங்கியது.

* * *

சிவராஜ் பைக்கில் வந்து இறங்கினான். ஹேண்டில்பாரில் இரண்டு பை தொங்கியது. ஒன்றில் பேக்கரி இனிப்பும் மிக்சரும். இன்னொன்றை அவன் மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனான். நாகஜோதியின் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே வந்தவனைச் சித்ராதேவி மோட்டார் ரூமுக்குக் கூட்டிப்போனாள்.

அவன் படத்தை ஒரு தடவைதான் பார்த்தான். விரலால் பெரிதாக்கிப் பார்க்கவில்லை. யார், எந்த ஊர் என்று கேட்கவுமில்லை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஸ்டார்ட்டர் பெட்டியின் மேலிருந்த தூசியைத் துடைக்க ஆரம்பித்தான்.

"உனக்கு முன்னாலயே தெரியுமாடா?"

"இந்தப் படம் தெரியாதுக்கா. ஆனா என்னமோ ஒண்ணு இருக்குதுன்னு தெரியும்."

"எப்புடி?"

"தூக்கத்துல ஒரு பேரு சொல்லுவா. தர்ஷினின்னு. சண்ட போடற மாரி இருக்காது, பயந்த மாரியும் இருக்காது. தொட்டில ஆட்டிக்கிட்டே கூப்புடற மாரி இருக்கும்." அவன் துடைப்பதை நிறுத்தவில்லை. "அப்புடிக் கூப்புடறது கொழந்தையத்தானக்கா?"

"நீ கேக்க வேண்டியதுதான அவகிட்ட?"

"கேட்டா சொல்லீருவா. சொல்லீட்டா அப்பறம் இங்க இருக்க முடியாதில்ல."

வெளியே சோளத்தட்டில் காற்று ஓடுகிற சத்தம் கேட்டது.

"ஏமாந்துட்டேன்னுதான சொல்ல வந்தே?" என்றான் சிவராஜ். "என்னப் பாரு. நான் ஏமாந்தவனாட்டவா இருக்கறேன்?"

அவள் பார்த்தாள். இஸ்திரி போட்ட சட்டை. ஒழுங்காகச் சவரம் செய்த முகம். போன வருஷம் தீபாவளிக்கு வந்தபோது கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பு இப்போது இல்லை. கம்பெனியில் ஊரார் கல்யாணப் பத்திரிகையை எல்லாம் வாங்கி வாங்கிக் கூனிப்போயிருந்த தோள் நிமிர்ந்திருந்தது. இத்தனை வருஷத்தில் அவன் இப்படி இருந்து அவள் பார்த்ததில்லை. அதைப் பார்த்துத்தான் அவளுக்கு அழுகை வந்தது.

"நகைய எடுத்துட்டுப் போனாப் போகட்டும்க்கா. கம்பெனியில டீக்குக் கூப்புட்டாங்கன்னா, 'இல்லீங்க, ஊட்டுல காத்துக்கிட்டு இருப்பாங்க'ன்னு சொல்லிட்டு வந்தேன் பாரு. அந்த ஒரு வார்த்தையச் சொல்ல எனக்கு எத்தன வருசமாச்சு."

"சரி. நாளைக்கி அவள வேற ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போவான். அங்கயும் உன்னாட்டம் ஒருத்தன் சவரம் பண்ணிட்டு நிப்பான். அவனுக்கு யாரு சொல்றது?"

துடைத்துக்கொண்டிருந்த சிவராஜின் கை நின்றது.

"இந்தப் படத்துல இருக்கற குண்டடத்துப் பையன் என்ன ஆனான்னு உனக்குத் தெரிய வேண்டாமா?"

* * *

அவர்கள் அப்பா நஞ்சப்பன் மண்வெட்டியோடு வந்து நின்றார். அதிகம் பேசாத மனிதர்.

"என்ன அம்மிணி, ரண்டு பேரும் இதுக்குள்ள நின்னுட்டு இருக்கறீங்க?"

சித்ராதேவி அவருக்கும் சொன்னாள். கண்ணாடி இல்லாமல் படம் அவருக்குப் புகையாகத்தான் தெரிந்தது. பிரிசில்லா கொடுத்த நம்பரை அழைத்து, மூன்று பேருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அய்யாசாமி மாமாங்களா? நான் பிரிசில்லா கூட வேல செய்யறவளுங்க. பொங்கலூர்ல இருந்து பேசறேனுங்க."

"சொல்லு கண்ணு."

"உங்க மருமக கோகிலா எங்கீங்க இருக்குது?"

அந்தப் பக்கம் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அம்மா ஊட்டுக்குப் போயிருக்குதுங்க. எதுக்குக் கேக்கறீங்க?"

"கட்டி வெச்சது தங்கராஜுங்களா?"

"யாருங்க நீங்க?"

நஞ்சப்பன் போனுக்குப் பக்கத்தில் குனிந்தார். "நான் இந்தப் புள்ளையோட அப்பனுங்க. நஞ்சப்பன். அதே பொண்ணு இப்ப எங்க ஊட்டுல இருக்குதுங்க. மருமகளா."

தண்ணீர்ச் சத்தம் நின்றது. அவர் குழாயை மூடியிருக்க வேண்டும்.

"விருந்துன்னு நகையெல்லாம் போட்டுட்டுப் போச்சுங்க" என்றார் அய்யாசாமி. குரல் தாழ்ந்திருந்தது. "நாங்க பின்னாலயே தேடிட்டுப் போனோமுங்க. பொண்ணுப் பாத்த ஊடு பூட்டிக் கெடந்துச்சு. கேட்டா, நாலு நாளைக்கி வாடகைக்கு வாங்குன ஊடாமா. அம்மான்னு வந்து காப்பி குடுத்துதே, அந்தப் பொம்பளையவும் அங்க யாருக்கும் தெரியல."

"போலீசுல சொல்லலீங்களா?" என்று கேட்டாள் சித்ராதேவி.

"எப்புடிங்க சொல்றது? பொண்ணு எந்த ஊரு, என்ன கூட்டம்னு கேட்டா என்னங்க சொல்றது? சொந்தத்துக்கெல்லாம் கரூர்னு சொல்லி வெச்சுட்டமுங்க."

நஞ்சப்பன் கண்ணை மூடித் திறந்தார்.

"நீங்களும் கரூருங்களா?" என்றார் அய்யாசாமி.

யாரும் சிரிக்கவில்லை.

"பையன் எப்புடி இருக்கறானுங்க?" என்று கேட்டது சிவராஜ்.

"இருக்கறானுங்க. வேலைக்குப் போறதில்ல. ரூமுக்குள்ளயே இருக்கறான். யாராச்சும் ஊட்டுக்கு வந்தா, அம்மா ஊட்டுக்குப் போயிருக்குதுன்னு அவனே சொல்றானுங்க. சொல்லிச் சொல்லி, இப்ப அவனே அதய நம்பற மாரி இருக்குதுங்க." பிறகு குரலை இன்னும் தாழ்த்தினார். "ஒரு உபகாரமுங்க. எங்க பேரு வெளிய வராமப் பாத்துக்குங்க. கட்டிக் குடுக்க இன்னொரு புள்ள இருக்குதுங்க."

"செரிங்க" என்றார் நஞ்சப்பன்.

போன் அணைந்தது. சித்ராதேவி அப்பாவிடம் திரும்பினாள்.

"இவரு அன்னைக்கே ஒரு வார்த்த வெளிய சொல்லியிருந்தா நம்ம ஊட்டுக்கு இது வந்துருக்குமாப்பா?"

"அவரச் சொல்லாத அம்மிணி." நஞ்சப்பன் மண்வெட்டியில் ஒட்டியிருந்த ஈரமண்ணை விரலால் வழித்தார். "நீ படத்தக் காட்டுனப்பவே, ஊருக்கு என்ன சொல்லலாம்னுதான் நானும் ரோசன பண்ணுனேன். அம்மா ஊட்டுக்குப் போயிருக்குதுன்னுதான் என்ர வாயிலயும் வந்துச்சு."

* * *

அவர்கள் வீட்டுக்குள் வந்தபோது நாகஜோதி பாயில் உட்கார்ந்திருந்தாள். ஆரம், வளையல், சங்கிலி எல்லாம் போட்டிருந்தாள். மடியில் சிவராஜ் கொண்டு வந்து வைத்த இரண்டாவது பை பிரிந்து கிடந்தது.

அதற்குள் இருந்தது இரண்டு கவுன். ஒரே துணி, மஞ்சளில் சின்னச் சின்ன வாத்து. கம்பெனியில் மிச்சம் விழுந்த துணியில் வெட்டித் தைத்தது. ஒன்று சின்னது. ஒன்று கொஞ்சம் பெரியது.

"இது யாருக்குங்க?" என்று அவள் சிவராஜைக் கேட்டாள்.

"தர்ஷினிக்கு." அவன் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "என்ன வயசுன்னு தெரியல. அதான் ரண்டு சைஸ்ல வெட்டுனேன்."

அவள் அழவில்லை. சின்னக் கவுனை மடித்துப் பக்கத்தில் வைத்தாள். பெரியதை எடுத்துத் தன் மார்பின் மேல் வைத்து, அளவு பார்க்கிறவளைப் போலக் கையால் நீவினாள்.

"போன தடவ பாத்தப்ப அந்தச் சின்னது பத்தியிருக்கும்" என்றாள். "இப்ப இதாத்தான் இருக்கும்."

பிறகு வளையலைக் கழற்ற ஆரம்பித்தாள். மாரக்காள் கட்டி முடிக்காத பூச்சரத்தோடு வந்து, "ஏங் கண்ணு கழட்டற? கார் வர்ற நேரமாச்சு" என்றாள். சொல்லிவிட்டு மகனைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். தண்ணீர்த்தொட்டி ஓரத்தில், முந்தானை நிழலிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டிருந்தது. அது இப்போதுதான் முகத்துக்கு வந்தது.

அவள் மெதுவாகப் பாயில் உட்கார்ந்தாள்.

"உன்ர பேரென்ன சாமி?"

"சந்தனம்ங்க அத்தை."

"நல்ல பேராத்தான் இருக்குது." மாரக்காள் பூச்சரத்தை மடியில் வைத்தாள். "அதயவே சொல்லியிருக்கலாமே."

சந்தனம் ஜிமிக்கியைக் கழற்றித் தாம்பாளத்தில் வைத்தாள். தலையை நிமிராமலே பேசினாள்.

"பாப்பாவத் தங்கராஜு அவன் அக்கா வீட்ல வச்சிருக்கான். எந்த ஊருன்னு எனக்குச் சொல்ல மாட்டான். வீட்ட மாத்திக்கிட்டே இருப்பாக. ஒரு வீட்ல இருந்து நகையோட போனேன்னா ரெண்டு நாளைக்குக் கூட்டியாந்து காட்டுவான். போகலைன்னா காட்ட மாட்டான். முதல்ல எனக்கு நெசமாவே கல்யாணம் பண்ணி வைக்கிறேன்னுதான் வந்தான்."

இதுவும் அவன் சொல்லிக் கொடுத்த கதையாக இருந்தால்? சித்ராதேவிக்கு அந்தச் சந்தேகம் வராமல் இல்லை. கரூரையும் விருந்தையும் நம்பிய வீடு இது. இனி எதை நம்புவதென்றாலும் நாலு இடத்தில் கேட்டுத்தான் நம்ப வேண்டும். ஆனால் அந்த மஞ்சள் கவுனை நீவிய கையை யாரிடம் போய் விசாரிப்பது?

வாசலில் ஹாரன் அடித்தது.

* * *

வெள்ளைக் கார். தங்கராஜ் தானே ஓட்டி வந்திருந்தான். நெற்றியில் திருநீறு, கையில் தோல் பை. காரை அணைத்து, சாவியை அதிலேயே விட்டுவிட்டு இறங்கி, கேட்டுக்கு வெளியிலேயே நின்றான்.

"என்னுங்கண்ணா, பொண்ணு ரெடியாங்க? நல்ல நேரம் முடியறதுக்குள்ள கெளம்போணுமுங்க."

எதிர்வீட்டுப் பெரியாத்தாள் தெருக்குழாயில் குடத்தை வைத்துவிட்டு, விருந்துக்குக் கிளம்புகிற மருமகளைப் பார்க்க நின்றாள். அவளோடு இன்னும் இரண்டு பெண்கள். எல்லாருக்கும் கரூர் என்று சொன்ன கல்யாணம்.

சித்ராதேவி நிலைப்படிக்குள் நின்று போலீசுக்குப் போன் போட்டாள். ரிங் போனது. எடுத்துப் பேசும் முன்பே அப்பாவின் கை நீண்டது.

"இங்க குடு அம்மிணி. பொய் சொன்னது நானு. நாந்தான் சொல்லோணும்."

நஞ்சப்பன் போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். உள்ளே நின்று மெதுவாகச் சொல்லியிருக்கலாம். அவர் வெளியே போய், எல்லாருக்கும் கேட்கிற குரலில் பேசினார்.

"பொங்கலூர்ப் பக்கமிருந்து நஞ்சப்பன் பேசறேனுங்க. கல்யாணம் பண்ணி வெக்கறேன்னு எங்கள ஏமாத்திப்போட்டாங்க. ஏமாத்துனவன் என்ர வாசல்லதான் நிக்கறானுங்க. எங்கள மட்டுமில்லீங்க, குண்..." அய்யாசாமியிடம் ஒப்புக்கொண்டது நினைவுக்கு வந்தது. "வேற ஊட்டுலயும் பண்ணியிருக்கறானுங்க. பொண்ணு எந்த ஊருங்களா? ஊருக்கெல்லாம் கரூர்னு சொன்னோமுங்க. பொய்யிங்க. எந்த ஊருன்னு எங்களுக்கே தெரியாதுங்க. விசாரிக்கலீங்க. விசாரிச்சா இந்தப் பொண்ணும் இல்லாமப் போயிருமோன்னு பயந்துட்டமுங்க."

பெரியாத்தாளின் குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. அவள் குழாயை மூடவில்லை.

தங்கராஜ் சிரித்த முகத்தோடே பின்னால் நகர்ந்தான். கார்க் கதவைத் திறந்தான். சாவி அங்கே இல்லை. எல்லாரும் நஞ்சப்பனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வெளியே வந்த சிவராஜ் காரின் மறுபக்கம் நின்றிருந்தான். சாவி அவன் கைக்குள் இருந்தது.

"மாப்ள, சாவியக் குடு." தங்கராஜ் குரலை உயர்த்தவில்லை. அக்கறையாகச் சொல்கிறவனைப் போலச் சொன்னான். "போலீசு வந்தா மொதல்ல யாரப் புடிப்பாங்க? தாலி கட்டிக்கிட்டது நானா? பேர மாத்திச் சொன்னது நானா? எல்லா போட்டோவுலயும் இருக்கறது அவதான். நான் போயிட்டா இது உங்க ஊட்டு விசயம். அவ பேசாம உன்கூடவே இருந்துக்கட்டும். நீ கேட்டதும் அதான?"

சிவராஜின் கை மெல்லத் திறந்ததைச் சித்ராதேவி பார்த்தாள். நாகஜோதி என்ற பெயரில் வந்தவள் இதே வீட்டில், இதே விளக்கைப் போட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டுமானால் அந்தச் சாவியைக் கொடுத்தால் போதும். யாரும் அவனைக் குறை சொல்ல முடியாது.

அவன் திரும்பி வாசலைப் பார்த்தான்.

சந்தனம் படியில் வந்து உட்கார்ந்திருந்தாள். உடம்பில் மஞ்சள் கயிற்றைத் தவிர நகை ஒன்றுமில்லை. மடியில் மஞ்சள் கவுன்.

"கொடுத்துறாதீங்க" என்றாள். "என்னைய உள்ள வச்சாலும் வச்சுட்டுப் போறாக. பாப்பா எங்கன்னு மட்டும் அவன்கிட்டக் கேட்டு வாங்குங்க."

சிவராஜ் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அப்படிப் பார்த்து வைத்துக்கொள்ள இனி நேரம் கிடைக்காது என்பது போலப் பார்த்தான். பிறகு கையை மூடினான். சாவியின் பல் உள்ளங்கையில் குத்தியிருக்க வேண்டும். முகம் சுருங்கியது.

சித்ராதேவி கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். அன்று மலைக்கோயிலில் எல்லாருக்கும் பின்னால் யாருடைய பையையோ பிடித்துக்கொண்டு நின்றவள். இன்று பெரியாத்தாளும் தெருவும் பார்க்க, காரைச் சுற்றிப் போய்த் தம்பியின் பக்கத்தில், தோளோடு தோள் படும்படி நின்றாள். தலையில் பேழை இல்லை. கட்டியிருந்தது வேலைக்குக் கட்டுகிற வாயில் சேலை.

"தர்ஷினி எங்க?" என்று கேட்டான் சிவராஜ்.

அந்தப் பெயரை அந்த வீட்டில் ஒருவன் சொல்வான் என்று தங்கராஜ் எதிர்பார்க்கவில்லை. முதல் தடவையாக அவன் முகத்திலிருந்து சிரிப்பு போயிற்று. அவனுடைய வலது கை தானாக மேலே எழுந்து, சட்டைப் பையிலிருந்த செல்போனை அழுத்தி மூடிக்கொண்டது.

அக்காவும் தம்பியும் அந்தக் கையையே பார்த்தார்கள்.